பத்லா லூங்கா

பத்லா என்பது ஒருவகைத் துப்பாக்கி என்று நான் முழுசாக ஒரு வாரம் நம்பிக்கொண்டிருந்தேன். நீளமான குழல், தோளில் மாட்ட வார், தரையில் மண்டி போட்டுச் சுடுகிற ரகம். இவ்வளவு விவரமாக எனக்கு யாரும் சொல்லவில்லை. பயம் தன் கையாலேயே வரைந்து கொடுத்த படம் அது.

என்னைக் குறை சொல்லாதீர்கள். எண்பதுகளின் நடுவில் விழுப்புரத்தில் இந்தி தெரிந்தவனைத் தேடுவது கஷ்டம். போர்டில் ஓர் இந்தி எழுத்து தென்பட்டால் தார் டப்பாவோடு கிளம்புகிறவர்கள் எங்கள் கூட்டாளிகள். நானே ஒருமுறை டப்பாவைப் பிடித்திருக்கிறேன். அப்படிப்பட்ட எனக்கு, பட்டப்பகலில், திண்டிவனத்தில், நூறு பேர் பார்க்க, இந்தியில் மிரட்டல் வந்தால் நான் என்ன செய்ய?

மிரட்டியவர் ராணுவத்தில் ஹவில்தார். அவருடைய தங்கையைத்தான் எனக்குப் பெண் கேட்டிருந்தார்கள்.

விழுப்புரத்தில் ஒரு கல்யாணத்தில் அவளைப் பார்த்திருந்தேன். பந்தியில் உட்கார்ந்து நான் ஏதோ ஜோக் அடித்தேன். எல்லோரும் சிரித்து முடித்து, ரசம் வந்து, மோரும் வந்த பிறகு, எதிர்வரிசையில் ஒரு பெண் மட்டும் தனியாகச் சிரித்தாள். யோசித்துச் சிரித்திருக்கிறாள். எனக்கு அங்கேயே முடிந்துபோயிற்று. எங்கள் ஊரான காணைக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா மறுநாளே கூடையில் வெற்றிலை பாக்கு வைத்துக்கொண்டு திண்டிவனம் பஸ் ஏறிவிட்டாள்.

சிக்கல் முறையில் வந்தது. பெண்ணின் அம்மா என் அப்பாவுக்குத் தூரத்துத் தங்கை. அந்த வழியாகப் பார்த்தால் அவள் எனக்கு அத்தை மகள், தாராளமாகக் கட்டலாம். ஆனால் பெண்ணின் சித்தப்பா கட்டியிருந்தது என் அம்மாவின் ஒன்றுவிட்ட தங்கையை. அந்த வழியாகப் பார்த்தால் அவர் எனக்கும் சித்தப்பா, அவள் எனக்குத் தங்கை. சொந்தக்காரர்கள் ரெண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். அப்பா இல்லாத வீடு அது. “பெரியவன் லீவுல வர்றான், அவன் பார்த்து ஒரு பதில் சொல்லட்டும்” என்று பெண்ணின் அம்மா சொல்லி அனுப்பினார். பெரியவன் என்றால் ஹவில்தார். எங்கேயோ வடக்கே பனிமலையில் நின்றுகொண்டிருந்த ஒரு மனுஷன் வாயில் என் வாழ்க்கை மாட்டிக்கொண்டது.

ஆடி மாசத்தில் திண்டிவனத்தில் அவர்கள் தெரு அம்மன் கோயிலில் திருவிழா. கடைசி நாள் மஞ்சத் தண்ணி. எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும்: அன்றைக்கு மாமன் மச்சான் முறை உள்ளவர்கள் ஒருவர் மேல் ஒருவர் மஞ்சள் தண்ணீர் ஊற்றலாம். கலெக்டராக இருந்தாலும் முறை இருந்தால் ஊற்றலாம், கோபித்துக்கொள்ளக் கூடாது. ஆனால் பங்காளி மேலே, அதாவது அண்ணன் தம்பி முறை உள்ளவன் மேலே ஊற்றிவிட்டால் அது பெரிய அசிங்கம். பஞ்சாயத்து வரைக்கும் போகும்.

நானும் என் தாய்மாமன் மகனும் விழுப்புரத்தில் ஒரே ரூமில் தங்கியிருந்தோம். எனக்கு ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் கிளார்க் வேலை, அவனுக்குப் பக்கத்திலேயே ஒரு மருந்துக் கடையில் வேலை. அன்றைக்குக் காலையில் பாசஞ்சர் பிடித்து ரெண்டு பேரும் திண்டிவனம் போனோம். சாமி கும்பிடப் போகிறோம் என்று ரெண்டு பேருமே சொல்லிக்கொண்டோம். மாமன் மகன் புது சஃபாரி போட்டிருந்தான், காப்பிக்கொட்டை கலர். அதன் மேல் மஞ்சத் தண்ணி விழுந்தால் எப்படி இருக்கும் என்று ரயிலிலேயே நான் முடிவு கட்டிவிட்டேன்.

அந்த வருஷம் திண்டிவனத்தில் ஆம்பிளை என்றாலே காப்பிக்கொட்டை கலர் சஃபாரிதான் என்பது எனக்குத் தெரியாது.

சோடாக்கடை முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு அவன் நிற்பதைப் பார்த்தேன். ஒரு வீட்டு வாசலில் அண்டா நிறைய கரைத்து வைத்திருந்ததில் ஒரு குடத்தை முக்கினேன். பூனை மாதிரி போனேன். ஒரு சொட்டு வீணாகாமல் தலையிலிருந்து கால் வரைக்கும் கவிழ்த்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமாக ஒரு வேலையை நான் முடித்ததில்லை. கைதட்டலுக்காகத் திரும்பிப் பார்த்தால், எதிர்ப்பக்கம் பலூன்காரனிடம் பேசிக்கொண்டு என் மாமன் மகன் நிற்கிறான்.

நனைந்தவர் மெதுவாகத் திரும்பினார். மீசை. அந்த மீசையை அம்மா காட்டிய போட்டோவில் பார்த்திருந்தேன், யூனிபாரத்துக்கு மேலே.

தெரு அப்படியே நின்றுபோயிற்று. ஒரு அம்மாள் மட்டும் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது கேட்டது: “முறையா இல்லியான்னே இன்னும் தீரல. அதுக்குள்ள ஊத்திட்டான் பாரேன், காணைக்காரன்.”

அப்போதுதான் நான் என்ன செய்து வைத்திருக்கிறேன் என்று உறைத்தது. அவர் பங்காளி என்று முடிவு சொன்னால், நான் கல்யாணத்தையும் இழப்பேன், ஊர் நடுவில் அசிங்கம் பண்ணியவனும் ஆவேன்.

ஹவில்தார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “தெரிஞ்சு ஊத்துனியா, தெரியாம ஊத்துனியா?”

“ரெண்டும் இல்லிங்க” என்றேன். பயத்தில் நான் சொல்லும் பதில்கள் எல்லாமே இந்தத் தரத்தில்தான் இருக்கும்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, ரொம்பச் சாதாரணமாக, சோடா கேட்கிற குரலில் சொன்னார்: “மை பத்லா லூங்கா.” சொல்லிவிட்டு, சொட்டச் சொட்ட வீட்டைப் பார்த்து நடந்தார். லெஃப்ட், ரைட், லெஃப்ட், ரைட்.

திரும்பி வரும் ரயிலில் மாமன் மகனும் நானும் ஆராய்ச்சியில் இறங்கினோம்.

“பத்லான்னா இன்னாடா?”

“மிலிட்டரிக்காரன் சொன்னா வேற இன்னாவா இருக்கும். துப்பாக்கிதான். பேரே அப்டித்தான கீது.”

“லூங்கான்னா?”

அவன் மயிலம் தாண்டும் வரைக்கும் யோசித்தான். “எடுத்துக்கினு வர்றேன்னு இருக்கலாம். இல்லன்னா லுங்கி சம்பந்தப்பட்டது.”

இந்தச் சோம்பேறி, இந்தியில் ஒரு எழுத்து தெரியாத பயல், முதல் விடையைச் சரியாகச் சொல்லியிருந்தான் என்பது எனக்கு இன்றைக்கும் ஆத்திரம். லூங்கா என்றால் எடுப்பேன், வாங்குவேன் என்றுதான் அர்த்தம்.

ஒரு வாரம் துப்பாக்கியோடு குடும்பம் நடத்தினேன். ஆபீசில் லாரி டயர் வெடித்தால் மேசைக்கடியில் போய்விடுவேன். மேனேஜர், “பேனா வுழுந்துட்சா?” என்று ஒவ்வொரு முறையும் அக்கறையாகக் கேட்பார். எட்டாம் நாளோ என்னவோ, சைக்கிள் பங்ச்சர் ஒட்டப் போன இடத்தில் கடைக்காரப் பாயைக் கேட்டேன். என் வயசுக்காரர்தான். வீட்டில் உருது பேசுகிறவர். ட்யூபைத் தண்ணீரில் முக்கிப் பிடித்துக்கொண்டே கேட்டார்.

“பத்லாவா? யாரு சொன்னது உன்கிட்ட?”

“சும்மா. சினிமா போஸ்டர்ல பாத்தேன்.”

“பழி வாங்கறது நைனா. பத்லா லூங்கான்னா பழி வாங்காம வுட மாட்டேன்னு அர்த்தம்.” ட்யூபில் முட்டை முட்டையாகக் காற்று வந்தது. “உன் மூஞ்சி ஏன் இப்டிப் போவுது? போஸ்டர்லதான பாத்த?”

துப்பாக்கியே தேவலை என்று தோன்றியது. துப்பாக்கி என்றால் ஒரு நிமிஷத்தில் முடியும். பழி என்றால் யோசித்துச் செய்வார்கள்.

பாய்க்கு என் மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். பங்ச்சர் ஒட்டி முடிக்கும் வரைக்கும் பேசினார். “இது அரபியிலேர்ந்து வர்ற வார்த்தை. பதல்னா மாத்து. ஒண்ணு குடுத்து ஒண்ணு வாங்கறது. நீங்க தமிழ்ல பதில்னு சொல்றீங்களே, அதுவும் அதே பதல்தான். எங்க வூட்ல இருந்து எடுத்துக்கினு போனதுதான், திருப்பியே குடுக்கல நீங்க.”

அன்றைக்கு அதைக் காமெடி என்று நினைத்துச் சிரிக்கவும் முடியாமல் வந்தேன். பின்னாளில் பெரிய அகராதியில் பார்த்தபோது பாய் சொன்னதுதான் அச்சாகியிருந்தது. நாம் தினமும் கேட்கிற, எழுதுகிற, வராவிட்டால் வருத்தப்படுகிற பதில், பாயின் பதலுக்குப் பிறந்தது. அதே வீட்டில் பிறந்த அண்ணன் வடக்கே போய்ப் பத்லா என்ற பெயரில் ரௌடியாகிவிட்டான், தம்பி இங்கே தமிழனாகி ஒழுங்காகப் பிழைக்கிறான்.

பயம் வந்தால் சிலருக்கு வயிற்றைக் கலக்கும். எனக்கு அகராதி வந்தது. மேனேஜர் மேசையில் ஒரு தடித்த இங்கிலீஷ் டிக்ஷ்னரி இருந்தது, லாரி ரசீது பறக்காமல் இருக்க. சாப்பாட்டு வேளையில் அதைப் புரட்ட ஆரம்பித்தேன். பழி சம்பந்தமான வார்த்தை ஒவ்வொன்றாகத் தேடினேன். எதிரி எந்த ஊர்ப் பாஷையில் வந்தாலும் தயாராக இருக்கலாம் என்று நினைத்தேனோ என்னவோ. ரிவெஞ்ச், வெஞ்சன்ஸ், இத்தாலிக்காரன் வெண்டெட்டா, மூன்றும் லத்தீன் வீட்டுப் பிள்ளைகளாம். மூல வார்த்தைக்கு அங்கே போட்டிருந்த பொருள், “இது என்னுடையது என்று உரிமை கோருதல்”. வெட்டுவது குத்துவது எதுவும் இல்லை. அந்த வரியை நான் நம்பவில்லை. அச்சுப் பிழை என்று நினைத்தேன்.

தமிழையும் விடவில்லை. நாம் பழியை வாங்குகிறோம். கத்தரிக்காய் வாங்குகிற மாதிரி. இங்கிலீஷ்காரன் திருப்பிக் கட்டுகிறேன் என்கிறான், நாம் வாங்குகிறோம் என்கிறோம். இந்திக்காரனும் நம்ம கட்சி, அவனும் எடுக்கத்தான் எடுக்கிறான். வாங்குகிறவன் இருந்தால் விற்கிறவன் ஒருத்தன் இருக்க வேண்டுமே, அவன் யார் என்று யோசித்தேன். திண்டிவனம் சோடாக்கடை முன்னால் குடத்தோடு நின்ற என் உருவம் தெரிந்தது. டீக்கடையில் பேப்பரைப் பிரித்தால் தினமும் எங்கேயாவது ஒரு “முன்விரோதம் காரணமாக” இருக்கும். மற்றவர்கள் அதைத் தாண்டி சினிமாப் பக்கத்துக்குப் போவார்கள். நான் மட்டும் அந்தச் செய்தியில் என் பெயரைப் போட்டு, வயசைப் போட்டு, “லாரி புக்கிங் ஆபீஸ் கிளார்க்” என்று போட்டு, எப்படி அமைகிறது என்று பார்ப்பேன். நன்றாகத்தான் அமைந்தது.

எங்கள் ஆபீசுக்குப் புதுச்சேரியிலிருந்து, பிரெஞ்சு சர்க்கார் பென்ஷன் வாங்குகிற ஒரு தமிழர் சரக்கு எடுக்க வருவார். சரக்கு வந்ததோ இல்லையோ, மேனேஜரோடு ரெண்டு ஆட்டம் சீட்டுப் போட்டுவிட்டுத்தான் போவார். மேனேஜர் அவரைச் செம்மையாக ஜெயித்த ஒரு நாள், அவர் சீட்டைக் கீழே போட்டுவிட்டு, “ருவான்ஷ்” என்றார்.

நான் டிக்ஷ்னரியோடு நிமிர்ந்தேன். “அப்டின்னா இன்னா சார்?”

“பழிக்குப் பழி.” மீசையைத் தடவிக்கொண்டார். “உக்காருய்யா மேனேஜரே, இன்னொரு ஆட்டம் போடணும் நீ.”

“எனக்கு வேலை கீது சார்” என்றார் மேனேஜர்.

“அது நடக்காது. தோத்தவன் ருவான்ஷ் கேட்டா ஜெயிச்சவன் குடுத்துதான் ஆவணும். குடுக்காம எழுந்து போனா அவன்கூட யாரும் மறுபடி ஆட மாட்டான். பழி வாங்கணும்னு நெனக்கிறவன் இன்னும் உன்கூட ஆட்டத்துல கீறான்னு அர்த்தம். வேணாம்னு நெனச்சவன்தான் சீட்ட மூடிட்டுப் போவான்.”

மேனேஜர் உட்கார்ந்தார். தோற்றும் போனார். நான்தான் மடையன். என் கதைக்குத் திறவுகோலை ஒருவர் மேசை மேல் போட்டுவிட்டுப் போகிறார், நான் அதன் மேல் ரசீதை அடுக்குகிறேன்.

அடுத்த வாரம் காணையிலிருந்து அம்மா சொல்லி அனுப்பினாள். எங்கள் ஊரில் வர்ற ஞாயிற்றுக்கிழமை மஞ்சத் தண்ணி. திண்டிவனத்து ஹவில்தார் ஜீப் பிடித்துக்கொண்டு வருகிறார். பையன் கண்டிப்பாக வீட்டில் இருக்க வேண்டும் என்று சொன்னாராம்.

“ஜீப்பா?” என்றேன்.

“ஆளுங்க நெறைய போல” என்றான் மாமன் மகன். “நீ இன்னா பண்ணப் போற?”

“ஊருக்குப் போறேன். ஆம்பிளையா நின்னு மூஞ்சிக்கு நேராப் பேசிடறேன்.”

ஞாயிற்றுக்கிழமை காலையில், ஆம்பிளையாக, எங்கள் கரும்புக்குள் போய்ப் படுத்துக்கொண்டேன். ஜேபி நிறைய வறுத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, எடுத்துப் போயிருந்தேன், எத்தனை நாள் முற்றுகை என்று தெரியாதே. ரெண்டு சட்டை போட்டிருந்தேன். ஒன்றுக்கு மேல் ஒன்று. பத்லா துப்பாக்கி இல்லை என்று அறிவு ஒப்புக்கொண்டுவிட்டது, உடம்பு இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. கரும்புச் சோகை கழுத்தை அறுத்தது. மல்லாட்டை உரிக்கிற சத்தம் எனக்கே வெடிச்சத்தமாகக் கேட்டது. தூரத்தில் மேளம். பிறகு ஜீப். பிறகு பெண்கள் சிரிப்பு. பழி வாங்க வருகிறவர்கள் பெண்களைக் கூட்டி வருவார்களா என்று ஒரு சந்தேகம் எழுந்தது. அதை அடக்கினேன். பயம் நல்ல ஃபார்மில் இருக்கும்போது நடுவில் அறிவை விடக் கூடாது.

வரப்பில் காலடி. என் மாமன் மகனின் குரல் வந்தது, துரோகி: “இந்தத் துண்டத்துலதான் இருக்கணும். மல்லாட்டை வாசனை வருது பாருங்க.”

“உள்ள யாருடா?” என்று அம்மா. “தெரியும்டா எனக்கு. வெளிய வா, மானம் போவுது. திண்டிவனத்துத் தம்பி வந்து எவ்வளவு நேரமா நின்னுகினு இருக்குது.”

நான் இன்னும் ஒரு முழம் உள்ளே தவழ்ந்தேன்.

ஹவில்தாரின் குரல் கேட்டது. அதே சோடாக் குரல். ஆனால் இந்த முறை தமிழ்.

“கரும்புல பாம்பு கெடக்கும். வெளிய வாங்க மச்சான்.”

படுத்தபடியே அதை ஒருமுறை எனக்குள் சொல்லிப் பார்த்தேன். வாங்க. மச்சான். திண்டிவனத்தில் “ஊத்துனியா” என்று ஒருமையில் கேட்ட வாய். பங்காளியை யாரும் மச்சான் என்று கூப்பிட மாட்டார்கள். ராணுவத்தில் எவ்வளவு வருஷம் இருந்தாலும், பனியில் எவ்வளவு நேரம் நின்றாலும், எங்கள் பக்கத்து ஆள் அந்த வார்த்தையைத் தப்பாக விட மாட்டான். மூன்று வாரமாக நான் பத்லாவை அரபி வரைக்கும் துரத்திக்கொண்டு போய்விட்டேன். எங்கள் தெருவிலேயே பதில் நின்றுகொண்டிருந்தது: மஞ்சத் தண்ணிக்குப் பழி மஞ்சத் தண்ணிதான். அதை முறை உள்ளவன் மட்டும்தான் வாங்க முடியும். வாங்க வருகிறவன், முறை உண்டு என்று ஊருக்கே சொல்லிக்கொண்டு வருகிறான்.

எழுந்து வந்தேன். தலையில் சோகை, ரெண்டு சட்டை, கை நிறைய மல்லாட்டைத் தோல். என்னைப் பார்த்ததும் வரப்பு முழுக்கச் சிரித்தது. ஹவில்தார் மட்டும் சிரிக்கவில்லை. அவர் பக்கத்தில் பெரிய பித்தளைக் குடம். இடுப்பில் தூக்கி வந்த தடம் அவர் சஃபாரியில் மஞ்சளாகத் தெரிந்தது. அதே காப்பிக்கொட்டை சஃபாரி. துவைத்தும் போகாத பழைய மஞ்சளும் அதில் இருந்தது.

“ரெண்டு சட்டை எதுக்கு மச்சான்?”

“குளுருங்க.”

“ஆடி மாசத்துலயா?”

“ரெண்டும் புதுசுங்க” என்றேன். முன்பே சொன்னேனே, அதே தரம்.

“அன்னிக்கே ஊத்தியிருப்பேன்” என்றார், என்னிடம் இல்லை, சுற்றி நின்றவர்களிடம். “எங்க தெருவுல ஊத்தினா நம்ம சனம் மட்டும்தான் பாக்கும். இங்க வந்து ஊத்தினாத்தான் ரெண்டு ஊரும் பாக்கும். சித்தப்பா வழியா கணக்குப் போடுறவங்க யாராவது இருந்தா இப்பவே சொல்லிடுங்க. குடம் கவுந்தப்புறம் பேசக் கூடாது.”

எங்கள் பக்கத்தில் சித்தப்பா கட்சிக்குத் தலைவராக இருந்த ஒருவர் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு மேளக்காரனைப் பார்த்தார்.

அம்மா தலையை நிமிர்த்தி நின்றாள். இந்த முறையை முதலில் கண்டுபிடித்தவளே அவள்தான் என்பது போல. உண்மையும் அதுதான்.

“எங்க வூட்ல இன்னொரு ஆள் ஒரு குடம் கரைச்சி வச்சிருக்குது” என்றார் ஹவில்தார், குரலைத் தாழ்த்தி. “அதோட பத்லா தனி. கல்யாணம் முடிஞ்சி அது வாங்கிக்கும். இது என்னுது.”

நான் கண்ணை மூடிக்கொண்டு, ஜெயித்தவன் நிற்கிற மாதிரி நெஞ்சை நிமிர்த்தி நின்றேன்.

அவர் ஒரு குடம் மஞ்சத் தண்ணியை என் தலையில் ஊற்றினார். தை மாசத்தில் திண்டிவனத்தில் கல்யாணம் நடந்தது.